ஐஸ்கிரீம் வண்டி ஏழாம் நம்பர் ஆன கதை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில் இருக்கிற வேலையைக் கீழே வையுங்கள், ஓடியா போய்விடும்? ஒரு ஐஸ்கிரீம் வண்டி ஆம்புலன்ஸ் ஆன கதையைச் சொல்கிறேன். உள்ளங்கை நீள பொம்மை வண்டிதான். அதற்கே இரண்டு வீடு தலைகீழாகிப் போனது. கேட்டு முடிக்கிறதுக்குள் நீங்கள் சிரிக்கவில்லை என்றால் அடுத்த கதைக்கு வரவே வேண்டாம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏழாம் நம்பர் என்று ஒரு ஆம்புலன்ஸ் இருந்தது. அந்தக் காலத்து வண்டி. நீண்ட மூக்கு, உருண்டையாக இரண்டு மட்கார்டு, முன்னால் ஒரு பித்தளை மணி. வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு. கூரை மேல், டம்ளரைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒற்றை நீல விளக்கு. பின்னால் இரட்டைக் கதவு. அதில் இடது கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் சாத்திக்கொள்ளும்.

அதை ஓட்டியவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேர், பீப்பீ. மணி அடித்தும் வழிவிடாதவர்களுக்கு ஜன்னலில் தலையை நீட்டி வாயாலேயே பீப்பீ அடிப்பார். அது பழகிப்போய், காய்கறிக் கடைக் கூட்டத்தில்கூட பீப்பீ என்றுதான் நுழைவார். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வந்தவர் பேர் டொக்டொக். வண்டிக்கு நடுவே ஒரு தகரத் தடுப்பு, அதில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி. இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் முன்னால் கேட்காது. அதனால் தடுப்பைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் பற.

இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் இப்படித்தான் தட்டியும் பறந்தும் காலம் தள்ளினார்கள். நடுவில் பீப்பீயின் கூடப்பிறந்த தங்கையை டொக்டொக் கட்டிக்கொண்டார். மச்சான், மாப்பிள்ளை என்று வீட்டிலும் ஒட்டிக்கொண்டே கிடந்தார்கள்.

பிறகு வண்டிக்கும் வயசாகிவிட்டது, இவர்களுக்கும் வயசாகிவிட்டது. மூன்று பேரும் ஒரே மாதத்தில் ரிட்டையர். வண்டியை உடைக்கப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு சாமான் ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பீப்பீ விடிந்ததும் ஸ்க்ரூடிரைவரோடு ஏணி போட்டுக் கூரையில் ஏறினால், விளக்கைக் காணோம். நாலு ஓட்டைதான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே டொக்டொக் அதைக் கழற்றி, நோயாளிக்குப் போர்த்தும் சிவப்புக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"ஆம்புலன்ஸுல திருடுற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார் பீப்பீ, ஏணி மேலிருந்து, அத்தனை பேர் முன்னால்.

"நீ எங்க பார்த்தே? இருபத்திரெண்டு வருஷமா ரோட்டைத்தானே பார்த்தே. பின்னாடி என்ன நடக்குதுன்னு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கியா?" என்றார் டொக்டொக், கீழேயிருந்து.

முடிந்தது. மூன்று வருஷம் பேச்சில்லை. ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. கஷ்டம் யாருக்கு? தங்கைக்குத்தான். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, போக முடியாது. அவளும் அண்ணியும் துணிக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், என்னவோ காதலர்கள் மாதிரி.

இப்படி இருக்கையில், தங்கையும் டொக்டொக்கும் வெளியூரில் மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாயிற்று. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை லாரி வருகிறது. ஆறு மணி நேரப் பயணம். போனால் அப்புறம் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்?

"அண்ணி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் தங்கை, பஸ் ஸ்டாப்பில். "லாரி கிளம்பும்போது எங்கண்ணன் வந்து வாசல்ல நிக்கணும். இவரோட பேசணும். பேசாம நான் அந்த ஊருக்குப் போனா, சோறு இறங்காது எனக்கு."

"எனக்கு மட்டும் இறங்குமா? இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பார்ப்போம் நாத்தனாரே," என்றாள் அண்ணி.

அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல்காரி. நாத்தனார் பல்செட் செய்கிற லேபில் வேலை. இருவருக்கும் கை சும்மா இருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அண்ணி பழைய சாமான் கடையில் பித்தளைப் பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொத்தான் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொம்மை வண்டி நின்றது. ரோஜா நிறம். கூரை மேல் பெரிய ஐஸ்கிரீம் கோன். பக்கவாட்டில் ஐஸ்கிரீம் கொடுக்கிற ஜன்னல். அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கிறோமே. கோனைக் கையால் மறைத்துப் பார்த்தாள். உருண்டை மட்கார்டு, பின்னால் இரட்டைக் கதவு. சாட்சாத் ஏழாம் நம்பர், ரோஜாப் பவுடர் பூசிக்கொண்டு நிற்கிறது. அதே வண்டியைத்தான் அந்தக் காலத்தில் ஐஸ்கிரீம் விற்கவும் ஓட்டியிருக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் அது லேபில் நாத்தனார் மேஜை மேல் இருந்தது, யாருடையதோ மேல்வரிசைக்கும் யாருடையதோ கீழ்வரிசைக்கும் நடுவில்.

"இதை ஏழாம் நம்பரா மாத்துறோம். உங்கண்ணன் கையில குடுக்கிறோம். அவர் உருகிடுவாரு," என்றாள் அண்ணி.

"உருகுறதுக்கு அவர் என்ன மெழுகா? சரி, கோனை முதல்ல அறுத்துடுவோம்."

மாற்ற வேண்டுமானால் அசல் வண்டி எப்படி இருந்தது என்று அங்குலம் அங்குலமாகத் தெரிய வேண்டுமே. அண்ணி வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், "லேபுல யாரோ கண்காட்சிக்கு ஏழாம் நம்பர் மாதிரி பண்றாங்களாம். கொஞ்சம் வரைஞ்சு குடுங்க," என்றாள். பீப்பீ அன்றைக்குச் சாப்பிடவே எழுந்திருக்கவில்லை. நாலு தாளில் முன்பக்கத்தை வரைந்து தள்ளினார். ஆஸ்பத்திரி கேட் தூணில் இடித்த இடது மட்கார்டுப் பள்ளம், 'பாதி முட்டை அளவு' என்று குறிப்போடு. ஸ்டியரிங்கில் தேய்ந்த இடம். மணியின் கயிறு. இருக்கைக்குப் பின்னால் தடுப்பில் பெயின்ட் உரிந்த ஒரு வட்டம், 'அவன் தட்டுகிற இடம், என் வலது காதுக்கு நேராக.' கூரையில் நாலு ஓட்டை, வேண்டுமென்றே பெரிதாக. பின்பக்கத்துக்கு ஒரு தாள் தனியாக இருந்தது. அதில் இவ்வளவுதான்: 'கதவு இரண்டு. உள்ளே ஆள் இருப்பார்கள்.'

டொக்டொக்கிடமும் இதே பொய்யைச் சொல்லி நாத்தனார் வாங்கி வந்தாள். அவர் பின்பக்கத்தை வரைந்ததைப் பார்த்தால் மருந்து வாசனை வரும். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், கம்பளி மடிக்கிற விதம், இடது கதவில் இடுப்பு இடிக்கிற இடம். முன்பக்கத்துக்கு அவரும் ஒரு தாள்தான் செலவழித்திருந்தார். கையகலக் கண்ணாடி ஒன்று, அதற்குள் ஒரு மனுஷனின் பிடரி, காலருக்கு மேல் மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை. வேறொன்றும் இல்லை.

அண்ணி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கைக்குட்டையைத் தினம் நான்தான் மடிச்சுக் குடுப்பேன்," என்றாள்.

"அழாதீங்க அண்ணி, பெயின்ட் கலங்கிடும்."

வேலை ஆரம்பித்தது. கோனை அறுத்த இடத்தில், சொல்லி வைத்த மாதிரி, நாலு ஓட்டை. ஐஸ்கிரீம் ஜன்னலைப் பல்செட் ஈறுக்குப் போடுகிற ரோஜா நிற அக்ரிலிக்கால் அடைத்து, தேய்த்து, வெள்ளை பூசினாள் நாத்தனார். ஸ்பூன் முதுகால் மட்கார்டில் பாதி முட்டைப் பள்ளம் வைத்தாள், பொம்மை அளவுக்குப் பாதி கடுகு. அண்ணி ஹேர்பின் இரண்டை வளைத்துக் கேன்வாஸ் தைத்து ஸ்ட்ரெச்சர் செய்தாள். விரல் நகம் அளவுக்குச் சிவப்புக் கம்பளி, ஓரம் அடித்து. பேனா ரீஃபில் துண்டு சிலிண்டர் ஆயிற்று. பித்தளைப் பொத்தான் மணி ஆயிற்று. நடுவில் குட்டிக் கண்ணாடி வைத்த தகரத் தடுப்பு, அதில் பெயின்ட் உரிந்த வட்டம். முன்னால் உட்கார வைத்த குட்டி டிரைவருக்குக் காலரில் வெள்ளை நூல். கதவுகளுக்கு எண்ணெய் போட்டும் இடது கதவு சாத்த மறுத்தது. சுண்டு விரலால் இடித்தாள் நாத்தனார், சாத்திக்கொண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் அந்தக் கதவை அவர்கள் தொடவில்லை.

வண்டியின் மூக்கு நுனியில் இருந்த கம்பிக் கிராதி மட்டும் உடைந்து போயிருந்தது. அதற்கு நாத்தனார் எட்டுப் பட்டை வார்த்து ஒட்டினாள். முப்பது வருஷமாகப் பல் வார்த்த கை இல்லையா? எட்டும் எட்டு முன்பல்லாகவே வந்து சேர்ந்தன. வண்டி சிரித்தது.

"என்னடி, ஆம்புலன்ஸ் இளிக்குது?"

"விடுங்க அண்ணி. வர்ற நோயாளிக்குத் தைரியமா இருக்கும்."

"விளக்கு?"

நாத்தனார் அந்த நாலு ஓட்டையைப் பார்த்தாள். "அது அவங்க பாடு. நாம வைக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை பெயின்ட் காய்ந்தது. லேபில் பல்செட் அனுப்புகிற வெள்ளை அட்டைப் பெட்டி ஒன்றில் வண்டியைப் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டாள். பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் பெட்டி. அதில் ரிட்டையரான கணக்கு வாத்தியார் ஒருவரின் புதுப் பல்செட். அவருடைய பழைய மாணவர்கள் எல்லாரும் கூடி அன்று நாலு மணிக்கு அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மணிக்குப் பல் கிளினிக்கில் மாட்டிக்கொண்டு நேரே மேடைக்குப் போவதாகத் திட்டம். நாத்தனார் பெட்டி ஒவ்வொன்றிலும் விலாசச் சீட்டு ஒட்டினாள். அன்றைக்கு அவள் கால் தரையில் இல்லை. எதை எதில் ஒட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் பீப்பீ வீட்டுக்குப் பெட்டி வந்தது. அண்ணி அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீப்பீ திறந்தார். உள்ளே இருந்து முப்பத்திரண்டு பல்லும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

பீப்பீ நிதானமாக மூடியைக் கீழே வைத்தார். "பார்த்தியா உன் நாத்தனார் புருஷனை? ஊரை விட்டுப் போகும்போதும் எனக்குப் பல்லைக் காட்டிட்டுப் போறான்."

அதே நேரம் நாத்தனாருக்குக் கிளினிக்கிலிருந்து போன். "அம்மா, பல் பெட்டிக்குள்ள வண்டி இருக்கு. வாத்தியார் அதைத் தொடையில ஓட்டிக்கிட்டு இருக்காரு, குடுக்க மாட்டேங்கிறாரு. பல்லு எங்க?"

நாத்தனாருக்கு லேபை விட்டு நகர முடியாது. வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, வாத்தியாரோட பல்லு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுச்சு. எடுத்துக்கிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளினிக்குக்குப் போகணும். இப்பவே."

"அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

"நாலு மணிக்கு ஒரு மனுஷன் பொக்கை வாயோட மேடை ஏறணும். உங்க இஷ்டம்."

டொக்டொக் மூட்டைக் கயிற்றைக் கீழே போட்டார். "ஆளுக்கு நினைவு இருக்கா?" என்று கேட்டார், பழக்கதோஷம். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பீப்பீ வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்றார். வீட்டுக்குள் பீப்பீ. நடுவில் அண்ணி.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அந்தப் பல்லு ஒரு நோயாளியோடது. நான் எடுத்துட்டுப் போகணும்."

"அவன்கிட்ட கேளு, எதுல போகப் போறான்னு. பாலத்துக்கு நடந்து போனா பல்லு போய்ச் சேர்றதுக்குள்ள வாத்தியாருக்குப் பால் பல்லு முளைச்சிடும்."

"அவர்கிட்ட சொல்லுங்க அக்கா, என் ஸ்கூட்டரை வித்தாச்சு. லாரியில இடமில்லை."

"அவன்கிட்ட சொல்லு..."

"எனக்கு வாய் வலிக்குது," என்றாள் அண்ணி. பல்செட்டை ஈரத்துணியில் சுற்றி டொக்டொக் கையில் திணித்தாள். ஸ்கூட்டர் சாவியைப் புருஷன் கையில் திணித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே இரண்டு பேர், ஒரு ஸ்கூட்டர், ஒரு பல்செட். மணி மூன்றேகால்.

ரிட்டையரானதிலிருந்து அந்த ஸ்கூட்டர் இருபதைத் தாண்டியதில்லை. பீப்பீ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பின்னால் ஆள் உட்கார்ந்ததைத் தெரியாத மாதிரி, ஊர்வலம் போகிற வேகத்தில் ஓட்டினார். முதல் தெரு முடிந்தது. பின்னால் டொக்டொக் மடியில் பல்லைப் பிடித்தபடி தவித்தார். பேசக் கூடாது என்று வீம்பு. நேரமோ ஓடுகிறது. என்ன செய்வார் பாவம்? அவர் கை தானாக எழுந்து தலைக்கவசத்தில் தட்டியது.

டொக். டொக். டொக்.

பீப்பீ ஒன்றும் யோசிக்கவில்லை, கண்ணுங்களா. அவர் மணிக்கட்டு யோசித்தது. ஸ்கூட்டர் ஒரு முறை கனைத்துக்கொண்டு பறந்தது. மார்க்கெட் முக்கில் கூட்டம். வாயைத் திறந்தார், மூன்று வருஷமாக அடைத்து வைத்த அத்தனை பீப்பீயும் வந்தது. தள்ளுவண்டிகள் விலகின. குடைகள் விலகின. நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர், எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்காமலே கையைத் தூக்கிக் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்திவிட்டார். பாலத்து மேட்டில் ஒரு தட்டு, மெதுவாகப் போனது. இறக்கத்தில் மூன்று தட்டு. கிளினிக் வாசலில் இரண்டு. அந்த இரண்டாவது தட்டுக்கு முன்னால் பிரேக் விழுந்துவிட்டது.

"கீழ்வரிசை லேசா ஆடிச்சு மச்சான். மத்தபடி ஆள் நல்லா இருக்காரு," என்றார் டொக்டொக்.

"பாலத்துல குழி மாப்பிள்ளை. என்ன பண்றது," என்றார் பீப்பீ. சொன்ன பிறகுதான் இருவருக்கும் தாங்கள் பேசிவிட்டது தெரிந்தது. இருவரும் வேகமாக உள்ளே போனார்கள்.

கணக்கு வாத்தியார் பல் நாற்காலியில் சாய்ந்து, கண்ணுக்கு நேரே வண்டியைப் பிடித்து, கதவைத் திறப்பதும் சுண்டு விரலால் இடிப்பதுமாக இருந்தார். டாக்டர் பல்லை மாட்டுகிற வரைக்கும் அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. மாட்டிய பிறகு தெளிவாகச் சொன்னார், "இந்த இடது கதவு ஒண்ணரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கு. வேணும்னே பண்ணியிருக்காங்க. அபாரம்."

பீப்பீ வண்டியை வாங்கினார். மட்கார்டுப் பள்ளத்தைத் தடவினார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பளி, சிலிண்டர், ஸ்ட்ரெச்சர். அதற்கு அப்பால் அந்தக் குட்டிக் கண்ணாடி, அதில் ஒரு பிடரி, ஒரு வெள்ளைக் கைக்குட்டை.

"இது யாருடா?"

"நீதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மூஞ்சியெல்லாம் கல்யாண வீட்டுலதான் பார்த்திருக்கேன்."

டொக்டொக் வண்டியைத் திருப்பி, முன்கதவு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். இருக்கைக்குப் பின்னால் பெயின்ட் உரிந்த வட்டம், ஊசிமுனை அளவு. அவர் சுண்டு விரலை உள்ளே விட்டு அதை நகத்தால் தட்டினார். டொக். பீப்பீயின் கால் கிளினிக் தரையில் அசைந்தது. டொக்டொக் வேண்டுமென்றே இரண்டு தட்டினார். கால் தரையை அழுத்தியது. அவ்வளவுதான், இருவரும் சிரித்தார்கள் பாருங்கள், பல் டாக்டர் ஓடிப்போய் மயக்க மருந்து ஏதும் கசிகிறதா என்று பார்த்தார்.

"எதுக்குடா அந்த விளக்கைக் கழற்றினே?" என்றார் பீப்பீ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்டே. நான் பின்னாடி பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன் மச்சான். அந்த வெளிச்சத்தை ஒரு நாள் பார்த்தது கிடையாது. எப்படித்தான் இருக்குன்னு பார்க்கணும்னு ஆசை."

"நான் மட்டும் பார்த்தேனா? அது என் தலைக்கு மேலதானே சுத்திச்சு."

வாத்தியார் புதுப் பல்லால் ஒரு முறை கடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதன் நீல மூடியின் நுனியை டாக்டரின் கத்தியால் அறுக்கச் சொன்னார். பொம்மை வண்டிக் கூரையில் நாலு ஓட்டைக்கும் கணக்காக உட்கார்ந்தது. நாலு மணிக்கு அவர் மேடை ஏறிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். முழுக்க அந்த வண்டியைப் பற்றித்தானாம்.

சாயங்காலம் நாத்தனார் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது. அவள் அதைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே கட்டி வைத்த மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துப் போட்டு இரண்டு பேரும் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 'சமையல் சாமான்' என்று எழுதிய பெட்டிக்குள் இருந்தது, சிவப்புக் கம்பளிக்குள்.

"மூணு நாள் கட்டின மூட்டை," என்றாள் நாத்தனார். திட்ட நினைத்துச் சொன்னாள். குரல் வேறு மாதிரி வந்தது.

"உன் புருஷன் கட்டுற லட்சணம் அப்படி. கரண்டியோட விளக்கு," என்றார் பீப்பீ. "அண்ணிக்கு போன் போடு. வரச் சொல்லு."

ஸ்கூட்டர் பேட்டரியில் கம்பி கொடுத்து, இருட்டத் தொடங்கிய தெருவில், மதில் மேல் விளக்கை வைத்தார்கள். முதலில் கரகரவென்றது. பிறகு சுற்றியது. எதிர்வீட்டுச் சுவர், மரம், தண்ணீர்த் தொட்டி, அண்ணியின் முகம், நாத்தனாரின் முகம் என்று நீலம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. இரண்டு கிழவர்களும் தெரு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"இப்படியா இருந்திச்சு?" என்றார் ஒருவர்.

"இப்படித்தான் போல இருக்கு," என்றார் மற்றவர்.

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. விளக்கு ஆறு மாதம் இந்த வீடு, ஆறு மாதம் அந்த வீடு. விளக்கு இல்லாத வீட்டில் பொம்மை வண்டி. கொண்டுவந்து மாற்றுவதற்காவது ஆளுக்கு ஒரு தரம் வர வேண்டும் அல்லவா? அந்த நிபந்தனையைப் போட்டவள் நாத்தனார்.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. பீப்பீ வாசலில் வந்து நின்றார், தங்கை கேட்ட மாதிரியே. ஆனால் நிற்கவா தெரியும் அவருக்கு? லாரி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "பாதி வழி வரைக்கும் வர்றேன்," என்றார். காலரில் கைக்குட்டை, அண்ணி மடித்துக் கொடுத்தது. தங்கை அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஏறினாள். டொக்டொக்குக்கு முன்னால் இடம் இருந்தது. மாட்டேன் என்று பின்னால் ஏறி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

லாரி கிளம்பவில்லை. டிரைவர் பீப்பீயைப் பார்த்தார், பீப்பீ விரலை உயர்த்தி, "இருங்க தம்பி, இன்னும் வரலை," என்றார்.

பின்னாலிருந்து தகரத்தில் வந்தது. டொக். டொக். டொக்.

அந்த லாரி பாதி வழியில் நிற்கவே இல்லையாம். அவரும் மகன் வீடு வரைக்கும் போய், ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் வந்தாராம்.

போய்ட்டு வாங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டு வாசலில் எப்போதும் கூடப்பிறந்தவர்களின் செருப்பு கிடக்கட்டும். முன்னால் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பவர் தட்டுவது கேட்கட்டும், சாத்த மறுக்கிற கதவும் லேசாக ஓர் இடியில் சாத்திக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் உங்கள் தெருவுக்கு வந்தால் பொம்மையாகவே வரட்டும், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வரட்டும்.